கதவுப் பிடியில் ஒரு கை

மூன்றாவது தடவையும் ரைலி அழவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஐலா, ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். இவளைக் கூப்பிட்டதே அழுவதற்குத்தானே?

வட பின்லாந்தின் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஐலாவின் வேலை. ஊசி போட, நெஞ்சை அழுத்தப் பழகப் பொம்மை போதும். சாவுச் செய்தி சொல்லிப் பழகப் பொம்மை உதவாது. அதற்கு ஊரிலிருந்து ஆட்களை வரவழைத்து, மனைவியாகவோ மகளாகவோ நடிக்கச் சொல்வார்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ரைலி, போன இலையுதிர் காலத்தில் தானாக வந்து சேர்ந்தவள்.

காகிதத்தில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. டாக்டர் வருவார். கணவன் வெய்க்கோ இறந்ததைச் சொல்வார். மனைவி அழுவாள். டாக்டர் ஆறுதல் சொல்வார். அவ்வளவுதான்.

இன்று பயிற்சிக்கு வந்திருந்த இளம் டாக்டர் ஓட்ஸோ இதில் தேறினால்தான் திங்கட்கிழமை அவசரப் பிரிவில் சேர முடியும். அங்கே ஆள் இல்லை. "பையன் முடிச்சிட்டானா, முடிச்சிட்டானா" என்று தலைமை டாக்டர் காலையிலிருந்து ஐலாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

ஐலா உள்ளே போனாள். ஓட்ஸோவைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னாள்.

"ரைலிம்மா, உங்களுக்கு என்னதான் பிரச்சினை?"

"ஒண்ணுமில்லையே."

"காலையில அந்தப் பொண்ணு டாக்டருக்குக் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி அழுதீங்க. இவர் வந்தா மட்டும் ஏன் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"அந்தப் பொண்ணு சொன்னப்ப அழுகை வந்துச்சு. இவர் சொன்னா வரல."

"வரலைன்னா வரவழைக்கணும். அதுக்குப் பேர்தான் நடிப்பு."

"நிஜத்துல எப்படியோ அப்படியே இருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவள்தான். ஐலா பல்லைக் கடித்தாள்.

"சரி தாயே. இதுதான் கடைசி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அழுதுடுங்க."

ஓட்ஸோ கதவைத் திறந்து வாசலிலேயே நின்றான். ஒரு கை கதவுப் பிடியில். இன்னொரு கை சட்டைப்பையிலிருந்த செல்போனில்.

"எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணோம். உங்க கணவர் போயிட்டாரு. மத்ததை நர்ஸ் வந்து சொல்லுவாங்க."

"எங்க போயிட்டாரு?" என்றாள் ரைலி.

கண்ணாடிக்குப் பின்னால் ஐலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா, அதாவது..."

"யார் போயிட்டாரு? பேரைச் சொல்லுங்க, டாக்டர்."

"வெய்க்கோ."

"என் வீட்டுக்காரர் பேர் ஆர்வோ."

ஓட்ஸோ திருதிருவென விழித்தான். ஐலா காகிதத்தைப் புரட்டினாள். வெய்க்கோ என்றுதான் இருக்கிறது. பேரையே மாற்றுகிறாளே, இது என்ன வீம்பு? நிறுத்துங்கள் என்று சொல்ல அவள் மைக்கை இழுத்தபோது, ரைலி மறுபடி பேசினாள்.

"அந்தக் கதவை விடுங்க, டாக்டர். நாற்காலி சும்மாத்தான் கிடக்கு."

ஓட்ஸோ தன் கையைப் பார்த்தான். அது கதவுப் பிடியில் இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. கதவை விட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். செல்போனை அணைத்தான்.

"ஆர்வோ இறந்துட்டாரு," என்றான். "எங்களால அவரைக் காப்பாத்த முடியல."

அதற்குமேல் என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. சொல்லவுமில்லை. ஆனால் எழுந்து போகவில்லை.

ரைலி அழுதாள்.

அந்த அறையில் ஐலா எத்தனையோ அழுகையைப் பார்த்திருக்கிறாள். இது வேறு மாதிரி இருந்தது. "முடிஞ்சது, போதும்" என்று மைக்கில் சொன்ன பிறகும் நிற்கவில்லை. ஓட்ஸோவும் எழவில்லை.

சான்றிதழை வாங்கிக்கொண்டு போகும்போது அவன் ஐலாவிடம் மெதுவாகக் கேட்டான். "இந்த வதை வதைச்சாங்களே, அந்தம்மாவுக்கு என்மேல ஏதாச்சும் கோபமா?"

"இன்னிக்கு எனக்குத்தான் எல்லார்மேலயும் கோபம். திங்கக்கிழமை நேரத்துக்கு வந்து சேருங்க."

ரைலி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கச் சேர்த்து வைத்த எரிச்சலோடு ஐலா அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் எழுதிக் கொடுத்தது வெய்க்கோ. ஆர்வோ எங்கேருந்து வந்தாரு?"

ரைலி கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர். போன கோடையில, மேல வார்டுல. டாக்டருங்க எல்லாம் லீவுல போயிருந்தாங்க. அவங்களுக்குப் பதிலா, டாக்டருக்குப் படிச்சிட்டிருந்த பையன் ஒருத்தனை நிறுத்தியிருந்தாங்க. கதவைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டாருன்னான். எங்கேன்னு நான் கேக்கறதுக்குள்ள அவனும் போயிட்டான்."

ஐலா, ஓட்ஸோ போன திசையைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"அவருக்கு உங்களை அடையாளம் தெரியலையா?"

"அன்னிக்கு என் மூஞ்சியைப் பார்த்திருந்தாத்தானே?"

"நான் அவர்கிட்ட சொல்றேன், ரைலிம்மா. வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கட்டும்."

"ஐயோ, வேணாம்," என்றாள் ரைலி, கையுறையை மாட்டிக்கொண்டே. "சொல்லிடாதீங்க. பாவம், இப்பத்தான் உட்காரக் கத்துக்கிட்டிருக்காரு."