றிப்காவின் ஐந்து வசனங்கள்

"போனக் கீழ வை ஜெசி, நான் பேசிக்கிட்டு..."

"ஒரு நிமிஷம் அண்ணி, இத மட்டும் அனுப்பிட்டு..."

"யாருக்கு? அந்த சைப்ரஸ்காரனுக்கா?"

"எந்த சைப்ரஸ்காரன்? நான் அங்க பாத்துக்கிட்டது தொண்ணூறு வயசுக் கெழவிய. அதுவும் செத்துப்போச்சு."

"அப்ப தெனமும் சாயந்தரம் யாருக்குத்தான் இப்பிடி விழுந்து விழுந்து டைப் பண்ற?"

ஜெசிந்தினி போனைக் கவிழ்த்து வைத்தாள். "இப்ப ஒங்களுக்குப் பிரச்சின போனா, வெள்ளிக்கெழமையா?"

இருதயம்மாவுக்குச் சுருக்கென்றது. பிரச்சினை வெள்ளிக்கிழமைதான். ஹாலிஎல ஊருக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவள் இங்கிலிஷ் டீச்சர். அன்றைக்கு லண்டனிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் நூலகத்துக்குப் புத்தகம் கொண்டுவருகிறார்கள். அவர்களோடு பேசப் பாடசாலை அதிபர் கிருபாகரன் கூப்பிட்டிருப்பது அவளை அல்ல, அவள் புருஷனின் தங்கையை.

"டீச்சர் கிரமர்ல புலி. பேச்சுக்கு ஒங்க நாத்தனாரக் கூட்டிட்டு வந்துருங்க" என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னபோது, யாரோ களுக்கென்று சிரித்தது இன்னும் காதில் நின்றது.

"பத்தொம்பது வருஷமா அங்க இங்கிலிஷ் படிச்சுக் குடுக்குறது நானா, நீயா?"

"நீங்கதான். வரலன்னு சொல்லிறவா?"

"சொல்லு. ஆனா நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லாத."

"காரணம் கேப்பாரே அண்ணி. என்னன்னு சொல்ல?"

இருதயம்மா அடுப்புப் பக்கம் திரும்பினாள். சட்டியை எடுத்து அடுப்பில் நங்கென்று வைத்தாள்.

ஜெசிந்தினி எட்டாம் வகுப்போடு நின்றவள். பதினொரு வருஷம் சைப்ரஸில் வீட்டு வேலை பார்த்துவிட்டு, போன வருஷம் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். ஒருநாள் ஹாலிஎல ஸ்டேஷனில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் வழி கேட்டார்கள். எழுவாய் எது, பயனிலை எது, எந்தக் காலம் என்று இருதயம்மா மனசுக்குள் அடுக்கி முடிப்பதற்குள், இவள் பதில் சொல்லி, அவர்களைச் சிரிக்கவும் வைத்து, ரயிலேற்றி அனுப்பிவிட்டாள். இலக்கணம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிறவள். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

அந்த எரிச்சலில்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் போனில் ஒரு இங்கிலிஷ் வகுப்பில் சேர்ந்தாள். பேச்சு இல்லை, முகம் காட்டவும் வேண்டாம், எழுதி அனுப்பினால் திருத்தி அனுப்புவார்கள். டீச்சரே டியூஷனுக்குப் போகிறாள் என்று ஊர் சிரிக்காதா? கூட வேலை பார்க்கும் கணக்கு டீச்சரின் பெயரை இரவல் வாங்கி, றிப்கா என்று போட்டுக்கொண்டாள்.

திருத்துகிறவள் மிஸ் எலினா. லண்டனில் பிறந்து வளர்ந்தவளாகத்தான் இருக்க வேண்டும், அப்படி ஒரு இங்கிலிஷ். "பிழை இல்லை றிப்கா. ஆனால் வாயால் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள்" என்று எழுதி, எப்படிப் பேசுவார்கள் என்றும் காட்டுவாள். அரை மணி நேரத்துக்குள் பதில் வந்துவிடும்.

ஒரே ஒருநாள்தான் பிந்தியது. இருதயம்மா பதுளைக்குக் கருத்தரங்குக்குப் போய் இரவு தங்கியிருந்த நாள் அது. ஹாலிஎலயில் மரம் விழுந்து, கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை என்று புருஷன் மரியநாயகம் மறுநாள் புலம்பினார். அதே காலையில்தான் மிஸ் எலினாவும் எழுதியிருந்தாள்: "மன்னியுங்கள், இங்கே பலத்த காற்று, மழை." பாவம், லண்டனிலும் இதே கூத்துதான் போல என்று இருதயம்மா நினைத்துக்கொண்டாள்.

சண்டை போட்ட மறுநாள் வந்த பயிற்சி இது: "உங்கள் வீட்டிலிருக்கும் ஒருவரைப் பற்றி ஐந்து வசனங்கள். புத்தகத்தைப் பார்த்து வேண்டாம், மனதில் இருப்பதை எழுதுங்கள்."

மனதில் இருந்தது ஒரே ஆள்தான். இடைவேளையில் ஆசிரியர் அறை மூலையில் உட்கார்ந்து, இருதயம்மா மளமளவென்று எழுதினாள். என் கணவரின் தங்கை படிக்காதவள். சைப்ரஸில் பாத்திரம் கழுவிப் பழகிய பேச்சு அவளுடையது. வெள்ளிக்கிழமை என் பாடசாலையில் எனக்குரிய இடத்தில் அவள் நிற்கப் போகிறாள். அவள் வாயைத் திறந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அவள் என் வீட்டைவிட்டுப் போய்விட்டால் நான் நிம்மதியாக இருப்பேன்.

யோசிக்காமல், அடுக்காமல், முதல் தடவையாக இங்கிலிஷ் தானாக வந்தது. அனுப்பிவிட்டாள்.

அன்றைக்குப் பதில் வரவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, மத்தியானம் வரை பார்த்தாள். அப்போதும் இல்லை.

பாடசாலை விடும் நேரத்தில் அதிபர் கூப்பிட்டார். "டீச்சர், ஒங்க நாத்தனார் போன் பண்ணுனாங்க. நாளைக்கு வர ஏலாதாம். அண்ணியே நல்லாப் பேசுவாங்க, என்னவிட நல்லாப் பேசுவாங்கன்னு சொன்னாங்க. நீங்களே பாத்துக்கிருவீங்கதானே?"

"அதுக்கென்ன சேர், பேசிருவோம்."

பாடசாலையிலிருந்து வீட்டுக்கு வரும் இறக்கத்தை இருதயம்மா அவ்வளவு லேசாக இறங்கி ரொம்ப நாளாயிற்று. நாளைக்கு எந்தச் சாரி என்றுகூட முடிவாகிவிட்டது. வெற்றிதான். ஜெசிக்குக் கொஞ்சம் வடை வாங்கிப் போனால்கூடத் தப்பில்லை என்று தோன்றியது, வாங்கினாள்.

வீட்டு வாசலில் ஒரு பெரிய பேக் நின்றது. ஜெசிந்தினி குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஜெசி கெளம்பிட்ட?"

"கொழும்புக்கு அண்ணி. திரும்ப வெளிநாட்டுக்கு ஏஜென்சில பேசியிருக்கேன். அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்."

"என்னடி திடீர்னு?"

ஜெசிந்தினி பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அஞ்சு வசனமும் சரி அண்ணி, திருத்த ஒண்ணுமில்ல."