கடை ஒயின்

அலமாரி முழுக்க ஒயின் புட்டிகள். அவற்றுக்கு முன்னால் நுக்சார் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

மெட்ரோ ரயில் ஓட்டுகிறவர். டியூட்டி முடிந்த கையோடு, யூனிஃபார்ம் தெரியாமல் கோட்டை மேலே மாட்டிக்கொண்டு, தெருவில் தெரிந்தவர் யாரும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருந்தார்.

ஐம்பத்து மூன்று வயதில் அவர் குடிக்காத ஒயின் இல்லை. ஆனால் காசு கொடுத்து ஒரு புட்டி வாங்கியது கிடையாது. ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியில் மானமுள்ள எவன் வாங்குவான்? ஊரில் அண்ணன் இருக்கிறார், அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, வருடா வருடம் கேன் கேனாக வந்து இறங்கும்.

இந்த வருடம் வந்து இறங்கியது வினிகர். ஒயினை ஊறவிட மண்ணில் புதைத்த சாடியில் எங்கேயோ விரிசல். அண்ணன் போனில் அழாத குறை.

வேறு எந்த வருடமாக இருந்தாலும் போகிறது என்று விட்டிருப்பார். இன்று சாயங்காலம் மகள் இயாவுக்கு நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளையின் அப்பா ஜும்பேர் வாயாலேயே வீடு கட்டுகிற ஆள். போன தடவை பார்த்தபோது, தங்கள் வீட்டு ஒயின் போல எங்கேயும் கிடையாது என்று ஆரம்பித்தார். நுக்சார் விடுவாரா? "கடை ஒயின் எங்க வாசப்படி ஏறினதே இல்ல சம்பந்தி" என்று இவரும் அளந்துவிட்டார். பேச்சு முற்றி, நிச்சயத்தன்று ஆளுக்கொரு கேன் வைப்பது, யாருடையது உசத்தி என்று பார்த்துவிடுவது என்று கைகுலுக்கியாகிவிட்டது.

தோற்றால்கூடப் பரவாயில்லை. கடை ஒயினை வீட்டு ஒயின் என்று ஊற்றியது தெரிந்துவிட்டால், பொய்யன் பெற்ற பெண் என்று அந்த வீட்டில் இயா ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும்.

"என்ன மாமா தேடுறீங்க?" கடைப் பெண் மரிகா கேட்டாள்.

"விலை கம்மியா இருக்கணும். நல்லாவும் இருக்கணும்."

"முதல் தடவையா வாங்குறீங்களா?"

நுக்சாருக்குக் காது சிவந்தது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்போ பேரையும் பார்க்காதீங்க, விலையையும் பார்க்காதீங்க. ஒரு வாய் குடிங்க. இன்னொரு வாய் கேக்கத் தோணுச்சுன்னா அதான் உங்க ஒயின்."

முதல் கிண்ணத்தில் ஊற்றியது பளிங்கு மாதிரி இருந்தது. குளிப்பாட்டிப் பவுடர் போட்ட ஒயின். வேண்டாம் என்றார். இரண்டாவது ஒரே தித்திப்பு. அதுவும் வேண்டாம்.

"கொஞ்சம் கலங்கலா, முரட்டுத்தனமா இல்லையாம்மா?"

மரிகா குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஆரஞ்சுத் தோல் நிறம், அடியில் லேசாக வண்டல். இருப்பதிலேயே மலிவு. நுக்சார் ஒரு வாய் குடித்தார். தொண்டையில் ஒரு பிடி பிடித்துவிட்டு இறங்கியது. தன்னை அறியாமல் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

அண்ணனுடையதைவிட நன்றாகவே இருந்தது. மனசுக்குள் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பையில் இருக்கும் ஐந்து லிட்டர் கேனைப் பற்றி எப்படிச் சொல்வது என்று அவர் தயங்கும்போதே, மரிகா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு புனலை எடுத்து வைத்தாள்.

"கேன் கொண்டாந்திருக்கீங்கல்ல?"

நுக்சார் பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார்.

"பயப்படாதீங்க மாமா. இன்னைக்கு மட்டும் நீங்க மூணாவது ஆளு. காலைல ஒருத்தர் இதே ஒயின்தான் ஏழு புட்டி வாங்கி கேன்ல ஊத்திட்டுப் போனாரு. பையனுக்கு நிச்சயமாம். அவங்க தோட்டத்துல ஆலங்கட்டி மழை பெஞ்சு ஒரு குலைகூட மிஞ்சலையாம். பொண்ணோட அப்பா மெட்ரோ ஓட்டுறவராம், பெரிய பீத்தல் பேர்வழியாம். ஆனா ஒயின்னு வந்தா நாக்கு தராசாம். 'அந்த ஆளுகிட்ட மாட்டாத மாதிரி ஒண்ணு குடும்மா, என் மருமக முன்னால மானம் போயிடும்'னு கெஞ்சுனாரு, பாவம்."

நுக்சாருக்கு முதலில் வந்தது கோபம். படுபாவி, இரண்டு மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்தானே. கோட்டின் மேல் பொத்தானை அவசரமாகப் போட்டுக்கொண்டார். பிறகு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மரிகா அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அதே ஒயின் வேண்டாம்னா வேற தரவா? இதைவிட ஒரு படி மேல இருக்கு. புட்டிக்கு விலை ரெண்டு லரிதான் கூட."

அவள் எடுத்து வைத்த புட்டியை நுக்சார் தூக்கிப் பார்த்தார். இன்னொரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள். சந்தேகமே இல்லை, உசத்திதான். ரெண்டு லரியில் ஜும்பேரின் வாயை அடைத்துவிடலாம். ஊர் முன்னால் அந்த முகம் சுருங்குவதைக் கண் குளிரப் பார்க்கலாம்.

என் மருமகள் என்றாராம் ஜும்பேர். இன்னும் மோதிரம்கூடப் போடவில்லை.

மெதுவாக அந்தப் புட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கேனை எடுத்து மூடியைத் திருகினார்.

"முன்னாடி காட்டினதையே ஏழு புட்டி ஊத்தும்மா. எங்க சம்பந்தி பார்த்து எடுத்த ஒயினு, எனக்கு மட்டும் ஆகாதா?"

புனலைப் பிடித்திருந்த மரிகாவின் கை அப்படியே நின்றுவிட்டது.