ஒருமுறை கூடுதலாக விட்டது

நான்தான். அப்பாடா, நான்தான்.

வாய்விட்டுச் சொல்லவில்லை. உதடுகூட அசையவில்லை.

காலை பதினொரு மணி. பக்கத்து மேசையில் யாரோ முறுக்குக் கடிக்கும் சத்தம். திரையில், மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் எழுதிய ஒரு நிரல் வரி.

மிகச் சிறிய வரி. விட்டுவிடு என்று சொல்கிற வரி.

கணினிக்கும் அதன் டிஸ்க்குக்கும் நடுவே நின்று இரண்டையும் பேசவைக்கும் நிரலை எழுதுவது அவள் வேலை. ஒவ்வொரு டிஸ்க்கைப் பற்றிய விவரமும் நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும். அதைத் தொடுகிறவர் (ஆள் இல்லை, நிரலின் ஏதோ ஒரு பகுதி) முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்; எண்ணிக்கை ஒன்று கூடும். வேலை முடிந்ததும் விட வேண்டும், ஒன்று குறையும். பூஜ்ஜியமானால் அந்த இடம் வேறு எதற்கோ போய்விடும்.

ஒருமுறை கூடுதலாக விட்டால், இன்னொருவர் பிடித்திருக்கும்போதே பூஜ்ஜியம் வந்துவிடும்.

அவர் எழுதிக்கொண்டே இருப்பார். எழுதுவது எங்கே போகிறதென்று அவருக்குத் தெரியாது.

தெற்கே ஓர் ஊரில், அவள் நிரல் ஓடிய ரத்த வங்கியில் அதுதான் நடந்தது. சர்வர் நின்றுபோனது. ஒரு காலைப்பொழுதின் பதிவுகள் அழிந்தன. எந்தப் பை எந்த வகை என்று உறுதியாகத் தெரியாமல் முப்பத்தெட்டுப் பைகளைக் கொட்டினார்கள்.

அதற்குச் சற்று முன்புதான் பழுதான ஒரு டிஸ்க்கைக் கழற்றியிருந்தார், பொற்கொடி என்ற டெக்னீஷியன். ஒன்பது நாளாக அவர் வேலையில் இல்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் பொற்கொடியைப் பார்த்ததில்லை. பதிவுசெய்த தொலைபேசி அழைப்பில் குரலை மட்டும் கேட்டிருக்கிறாள்.

"செவப்பு லைட்டு எரிஞ்சிச்சு மேடம். அதான் கழத்துனேன். வேற எதையும் தொடல. எம் புள்ளைங்க மேல சத்தியம்."

அந்தக் குரல் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒன்பது நாளும் அவள் விரும்பியிருக்கிறாள்.

அப்படி விரும்பியது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

இனி விரும்ப வேண்டியதில்லை.

அவள் அந்த வரியை மறுபடி பார்த்தாள். அதற்கு மேலே, அடுத்த டிஸ்க்கைக் கண்டுபிடித்துத் தரும் ஒரு கட்டளை. அதன் பெயர் 'தேடு'. கையில் இருக்கும் டிஸ்க்கைக் கொடுத்தால் அடுத்ததைப் பிடித்துத் தரும். கொடுத்ததை அதுவே விட்டுவிடும்.

விட்டுவிடும் என்பது பெயரில் இல்லை.

அவள் அதற்குப் பிறகு இன்னொரு முறை விட்டிருக்கிறாள்.

மறந்து செய்த பிழைகூட இல்லை. மறந்துவிடக் கூடாதே என்று செய்த பிழை. வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்ற சந்தேகத்தில் தெருமுனையிலிருந்து திரும்பிப்போய், சாவியை இன்னொரு முறை திருப்பித் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புவது மாதிரி.

வரியை அழித்தாள்.

கீழ்த்தளத்துக்குப் போனாள். சோதனை சர்வரிலிருந்து தன் கையாலேயே டிஸ்க்கைக் கழற்றினாள். மாட்டினாள். கழற்றினாள். நாற்பது முறை.

சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது.

மேலே வந்து, 'தேடு' என்ற பெயரை மாற்றினாள். 'முந்தையதை விட்டு அடுத்ததைப் பிடி'. நீளமான, அழகில்லாத பெயர். அது பயன்படும் இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இன்னும் இரண்டு இடங்களில், வேறு இருவர், அதே போலப் பூட்டிய கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

அவற்றையும் சரிசெய்தாள். தோள்கள் தாமாக இறங்கின.

"தப்பு சிக்கிடுச்சாமே!"

அவளுடைய மேலாளர் ரகோத்தமன். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சிக்கிடுச்சு. என்னோடதுதான்."

"உஷ். மெதுவா. சத்தமில்லாம அடுத்த ரிலீஸ்ல சேர்த்துடலாம்."

"அவங்களுக்கு அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்?"

"அது நேத்தே ரெடி. 'சர்வர் இயங்கும்போது ஊழியர் டிஸ்க்கைக் கழற்றியதால்.' பொய்யா, சொல்லுங்க? கழட்டுனாங்கல்ல?"

"கழட்டுனாங்க."

"அப்புறம் என்ன? நீங்களா போய் தலையக் குடுப்பீங்களா, புண்ணியவதி? ஒரு ஓகே போடுங்க. ஒரு மணிக்குள்ள போகணும்."

அவர் கெட்டவர் இல்லை. அவள் பெயர் அடிபடக் கூடாதென்று உண்மையாகவே நினைக்கிறார். அது அவளுக்குத் தெரியும்.

அறிக்கையைத் திறந்தாள். ஒரு பக்கம். பொற்கொடியின் பெயர் எங்கும் இல்லை. 'ஊழியர்' என்று மட்டும் மூன்று இடங்களில் இருந்தது.

கீழே இரண்டு பொத்தான்கள். 'ஒப்புதல்', 'திருப்பி அனுப்பு'.

இரண்டாவதை அழுத்தினாள்.

காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் விரிந்தது. ரகோத்தமன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தார். அவள் நிதானமாக, பிழையில்லாமல் தட்டினாள்.

'இயங்கும்போதே கழற்றலாம் என்று நாம் கொடுத்த கையேட்டில் இருக்கிறது. பக்கம் பதினேழு.'

அவர் நிமிர்வது கேட்டது.

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"கேன்டீனுக்கு வர்றீங்களா?" என்றாள். "எனக்கு நல்லாப் பசிக்குது."