சுத்தமாக்கப்பட்ட காது

பழைய கணினிகளுக்கு, எந்தக் கம்பெனியின் பூட்டும் இல்லாமல் யாரும் திறந்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் போட்டுத் தர, தாம்பரத்தில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் ஞாயிறுதோறும் கூடுவோம். இப்போதெல்லாம் வருபவை காதுக்குள் பொருத்திய கணினிகள்தான்.

ஆரோக்கியசாமியை அவர் மனைவி பிலோமினா அழைத்து வந்திருந்தார். அவருடைய காது கேட்கும் கருவி பழசாகிவிட்டதாம். யார் பேசினாலும் "புது மாடல் வாங்குங்கள்" என்று கம்பெனிக்காரனின் குரல் காதுக்குள் குறுக்கே விழுகிறது.

"இவ பேசுறதுல பாதிதாம்மா கேக்குது," என்றார்.

த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டே மென்பொருளை மாற்றினேன். விளம்பரம் நின்றது.

"கேக்குதாங்க?" என்றார் பிலோமினா. பெரியவர் முகமெல்லாம் சிரிப்பு.

எங்கள் குழுவின் திருமாறன் எட்டிப் பார்த்தான். "அக்கா, ஒரு ஃபைல் இன்னும் கம்பெனியோடது. அது இருந்தா இது கட்டற்றதே இல்ல."

"மெல்லிசான குரலப் பிடிச்சுக் குடுக்குறதே அதுதான். அது போனா பொம்பளைங்க குரலே கேக்காதுடா. கம்பெனியும் அதை இனிமே தராது."

"அதுக்காகக் கொள்கைய விட்ர முடியுமா?"

நான் பெரியவருக்குத் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அந்த ஃபைலை அழித்துவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவன் குழுவின் பக்கத்தில் போடப் படம் எடுத்தான்.

பிலோமினா ஏதோ கேட்டார். ஆரோக்கியசாமி அவர் உதட்டையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவ என்னம்மா சொல்றா?"

"வீட்டுக்குப் போலாமான்னு கேக்குறாங்க," என்றேன்.

என் உதட்டையும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.