ஐம்பது ஸ்ட்ரிப்

“அம்பது ஸ்ட்ரிப் இருபத்தஞ்சே நாள்ல எப்படி சார் தீரும்?”

ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் இருந்த காலி டப்பாவை மேஜையில் கவிழ்த்துக் காட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் டப்பாவைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இலவசப் பேனாவையும் ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பிரிவில் அவருக்கு ‘ஓசி மாமா’ என்று பேர். புதுச் சர்க்கரை மாத்திரை ஒன்றைச் சோதிக்கும் ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. அதில் சேர்ந்திருப்பது அவர் மனைவி. அவர் வெறும் துணைக்கு வருகிறவர். ஆனால் நோயாளிகளுக்குப் பேனா கொடுத்தால் இவருக்கும் ஒன்று வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவர்களுக்கு பிஸ்கட் தந்தால், மனைவி தன் பாக்கெட்டைப் பிரிப்பதற்குள் இவர் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிப் பாதி தின்றிருப்பார். ரத்தம் எடுக்கும் அறையில் ஏசி உண்டு. வெளியே இருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் உள்ளே வந்து நின்றுகொள்வார்.

மனைவி கதையே வேறு. ஓய்வுபெற்ற தடுப்பூசி நர்ஸ். ஊரில் பாதிப் பேர் கையில் அவர் குத்திய தழும்பு இருக்கிறது. “வலிக்காது கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்பார். பிள்ளை அழலாமா என்று யோசிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பார். ‘ஊசியக்கா’ என்றால் இன்றைக்கும் எழுந்து நிற்பார்கள். இந்த நர்ஸுக்கே சின்ன வயதில் ஊசி போட்டவர் அவர்தான்.

அப்பேர்ப்பட்ட மனுஷிக்கு இப்படி ஒரு புருஷனா என்று நர்ஸுக்கு மனசே ஆறாது.

ஊசியக்கா தினமும் காலையில் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்து, மெஷின் காட்டும் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். நாளுக்கு ஒரு ஸ்ட்ரிப். நோட்டில் நாளுக்கு ஒரு எண்தான் இருந்தது. மெஷினுக்குள்ளோ தினமும் இரண்டு பதிவாகியிருந்தன. முதலில் தொண்ணூற்றிரண்டு, அடுத்த நிமிஷம் நூற்று எண்பது. மறுநாள் தொண்ணூறு, பிறகு நூற்று எழுபத்தாறு.

“இந்தத் தொண்ணூறு யாரோடது?”

“என்னோடதுதான் சிஸ்டர்.”

“உங்களுக்குத்தான் சர்க்கரையே இல்லையே?”

“மெஷின் சும்மாதானே இருக்குன்னு பாத்துக்கிட்டேன்.”

பந்திக்கு முந்துகிற ஆள், இதிலும் நோயாளிக்கு முன்னால் முந்தியிருக்கிறார். நர்ஸ் பொரிந்து தள்ளிவிட்டாள். இதற்கு முன் கொடுத்த இரண்டு மருந்துக்கும் அசையாத ஊசியக்காவின் சர்க்கரை, இந்த மாத்திரையில்தான் இறங்க ஆரம்பித்திருக்கிறது. ஆராய்ச்சி மெஷினை வேறு ஆள் தொட்டது டாக்டருக்குத் தெரிந்தால், ஊசியக்கா பேரையே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார். மாத்திரையும் அன்றோடு நின்றுபோகும்.

அவர் முகம் அப்போதுதான் வெளுத்தது. தப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். அவளை மட்டும் எடுத்துவிட வேண்டாம், அவளிடம் இதைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம் என்று கெஞ்சினார். இனிமேல் ஒரு ஸ்ட்ரிப்பைக்கூடத் தொடக் கூடாது என்று நர்ஸ் கறாராகச் சொன்னாள்.

தலையாட்டியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஸ்ட்ரிப் இல்லாம, ஊசியால சும்மா குத்திக்க மட்டும் செய்யலாமா?” என்றார்.

“வெறுமனே குத்திக்கிட்டு என்ன சார் பிரயோஜனம்?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். ஊசிக் குத்தைக்கூட விடாதவரை இப்போதுதான் பார்க்கிறாள். அந்தக் கோபத்திலேயே போய், ரத்தம் எடுக்கும் அறைக் கதவை, பின்னாலேயே வந்த அவர் முகத்துக்கு நேராகச் சாத்தினாள்.

உள்ளே ஊசியக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நரம்பை நன்றாகத் தடவிப் பார், அவசரப்படாதே என்று பழைய பழக்கத்தில் அதட்டினார். நர்ஸ் அவர் கையில் பட்டையைக் கட்டி, ஊசியை உறையிலிருந்து எடுத்தாள்.

நீட்டியிருந்த கை வெடுக்கென்று மடிக்குப் போய்விட்டது.

“அவர் எங்க?”

“வெளியில இருக்கார்க்கா. கையைக் குடுங்க.”

கை வரவில்லை. அத்தனை ஏசியிலும் ஊசியக்காவுக்கு நெற்றி வியர்த்திருந்தது.

“அவரை வரச் சொல்லும்மா.” கதவையே பார்த்தார். “எனக்குப் போடத்தான் தெரியும், போட்டுக்கத் தெரியாது. காலைல அவர் தன் விரல்ல குத்திக் காட்டி, ரத்தம் வந்து, மெஷின்ல நம்பரும் வந்தப்புறம்தான் நான் விரலையே நீட்டுவேன்.”

நர்ஸ் போய்க் கதவைத் திறந்தாள். அவள் சாத்திய கதவுக்கு வெளியே அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்ததும் ஊசியக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

“வலிக்காது. எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்றார் அவர், மெதுவாக.

அவர் விரல் நுனிகளில் புள்ளி புள்ளியாகக் குத்திய தடம். அதைப் பார்த்துக்கொண்டே ரத்தம் எடுத்த நர்ஸுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஊசியக்கா பஞ்சை அழுத்திக்கொண்டு எடை பார்க்கப் போனதும், அவளே ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் குத்திக்கொள்ள ஒரு பழைய மெஷினைத் தனியாகத் தருவதாகவும், டாக்டரிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னாள்.

“நீங்களும் காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலையா சார்?”

“அவ பட்டினியா இருக்கறப்ப எனக்கு எப்படிம்மா இறங்கும்?”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே. உங்களுக்கு நாங்க என்ன பேர் வெச்சிருக்கோம் தெரியுமா?”

“தெரியுமே” என்று அவர் பாக்கெட்டைப் பிரித்தார். “ஓசிங்கற பேரு எனக்குப் பழகிப்போச்சு. பயந்தாங்கொள்ளிங்கற பேரை அவ தாங்க மாட்டா.”