உப்புத் துரு

"காந்தம் ஒட்டலையே!"

அம்மாவாசை சொன்னதும் இளஞ்செழியனுக்குச் சுருக்கென்றது.

"ஒட்டலைன்னா?"

"உள்ள தகடு இல்ல சார், வெறும் பட்டி. ஓட்டைய அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பழைய வேலை, உள்ளங்கை அளவுதான். பரவால்ல விடுங்க."

அப்பாடா என்று மூச்சு விட்டார் இளஞ்செழியன்.

மூலக்குளத்து வீட்டு வாசலில் நின்றது அந்தக் கறுப்பு காண்டசா கார். நீள மூக்கு, அகலத் தோள், ஸ்டார்ட் பண்ணினால் தெருவே திரும்பிப் பார்க்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பா ஆசை ஆசையாய் வாங்கியது. அப்பா போனபிறகு இளஞ்செழியன் பாரீசிலேயே தங்கிவிட, வண்டி தம்பி அன்பழகன் பொறுப்பில் இருந்தது. சென்னையில் பழைய கார் சேர்க்கிற ஒருத்தர் ஆறு லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தார். துரு மட்டும் இருக்கக் கூடாதாம். அதைப் பார்த்துச் சொல்லத்தான் டிங்கர் அம்மாவாசை வந்திருந்தார்.

கதவு நாலும் சரி. பானெட் சரி. கால் வைக்கிற இடமும் சரி.

டிக்கியைத் திறந்து உள்ளே விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினார் அம்மாவாசை. ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினார்.

பொத்தென்று உள்ளே போய்விட்டது.

"அய்யய்யோ! என்ன சார் இது, அப்பளமா நொறுங்குது?"

"மழையில நனைஞ்சிருக்குமோ?"

"மழைத் துரு மேலேர்ந்து எறங்கும் சார். இது உள்ளேர்ந்து தின்னிருக்கு. பாருங்க, வெள்ளையா பூத்திருக்கு. உப்புத் துரு. மீன் ஏத்துற வண்டியிலதான் இப்படிப் பாக்கலாம். ஐஸ் தண்ணி தேங்கித் தேங்கி..."

"என்ன விலை போவும்?"

"அடித்தகடு மொத்தமும் மாத்தணும். ஒன்றரைக்குக் கேட்டா கண்ண மூடிக்கிட்டுக் குடுத்துடுங்க."

இளஞ்செழியனுக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"டேய் அன்பு!"

அன்பழகன் அப்போதுதான் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தான்.

"என்னண்ணா?"

"அப்பா வண்டில மீனா ஏத்துன?"

"மீனெல்லாம் ஏத்தலண்ணா."

"அப்ப ஐஸ்?"

அன்பழகன் தரையைப் பார்த்தான். "ஐஸ் ஏத்துனேன். அப்பறம் நல்லாத்தான் கழுவி விட்டேன். அடியில தேங்குனது தெரியலண்ணா. தப்புதான்."

"யாருக்கு ஏத்துன?"

அன்பழகன் குனிந்து ரப்பர் மேட்டை மறுபடி விரிக்கப் போனான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? யாருக்குடா ஏத்துன?"

"விடுங்கண்ணா. தகடு மாத்துற செலவ நான் பாத்துக்கறேன்."

"கிழிச்ச! பெயிண்ட் அடிச்ச சின்ன ஓட்டைக்கே அப்பா ரெண்டு நாள் சோறு தின்னல, தெரியுமா? அவர் வண்டிய வாடகைக்கு விட்டுத் தின்னுட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல? அம்மா காரியத்துக்கு வந்தப்பவே இத வித்துத் தொலைச்சிருக்கணும். 'இருக்கட்டும்ணா'ன்னு குழைஞ்சியே, அது இதுக்குத்தானா?"

டிக்கி மூடியை ஓங்கி அறைந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள் முளைத்தன. அம்மாவாசை காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நெளிந்தார்.

அன்பழகன் டிக்கியையே பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் இளஞ்செழியனுக்கு இன்னும் எரிச்சல். திருடன் முழிக்கிற முழி என்று நினைத்துக்கொண்டார்.

"கேட்டுக்கோ. இன்னியோட அண்ணன் தம்பி முடிஞ்சுது. வீட்டுப் பங்க வக்கீல வச்சுப் பிரிச்சுக்குறேன். இனிமே எனக்குப் போன் பண்ணாத. நான் செத்தாலும் வராத!"

"போதும் மாமா!"

உள்ளேயிருந்து வந்தவள் கார்குழலி, அன்பழகன் மனைவி. ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை. கணவனின் அண்ணன் முன்னால் அவள் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"குழலி, நீ உள்ள போ," என்றான் அன்பழகன்.

"போவ மாட்டேன். ரெண்டு வருஷமா என் வாய அடச்சது போதும்." நேராக இளஞ்செழியனிடம் வந்தாள். "யாருக்கு ஐஸ் ஏத்துனாருன்னு கேட்டீங்கல்ல? அத்தைக்கு, மாமா."

"என்ன உளர்ற?"

"அத்தை தவறுன அன்னிக்குப் புயல். ஊரே இருட்டு. 'நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க, அம்மா முகத்த ஒரு தடவை பாக்கணும்'னு போன்ல அழுதீங்க. தாய்க்குக் கொள்ளி வைக்கிறவன் இளைய மகன். நீங்க இல்லாமலே எடுத்திருக்கலாம், பெரியவங்க எல்லாரும் அததான் சொன்னாங்க. இவருதான் கேக்கல."

"ஃப்ரீசர் பாக்ஸ் வச்சிருந்தீங்களே..."

"கரண்டு இல்லாம அது எப்படி மாமா ஓடும்? ஜெனரேட்டர் ஊர்ல எங்கயும் கிடைக்கல. ஆட்டோக்காரன் எவனும் வரல. இவரு முழங்கால் தண்ணியில இந்த வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயி, துறைமுகத்துலேர்ந்து ஐஸையும் உப்பையும் மூட்டை மூட்டையா கொண்டாந்தாரு. மூணு நாளு. கண்ணு மூடல. நீங்க வந்து எறங்குறப்பதான் கரண்டே வந்துது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு, கேட்டா உங்க மனசு தாங்காதாம்."

கார்குழலி ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாசல்ல கால வச்சதும், 'அம்மா தூங்குற மாதிரியே இருக்காங்களேடா'ன்னு இவரக் கட்டிப்புடிச்சி அழுதீங்களே மாமா... அந்த முகத்துக்காகத்தான் இந்த டிக்கி போச்சு."