நாலாவது கத்தி

“மறுக்காவும் கத்தியா?” என்றார் ஸ்டோர் கீப்பர் மருதாசலம், ரிஜிஸ்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஆமாண்ணே. லாக்கு நிக்க மாட்டேங்குது.”

பாண்டித்துரை மடக்குக் கத்தியை மேசைமேல் வைத்தான். நாலு மாதத்தில் இது நாலாவது.

துணி குடோனில் ரோல்மேல் சுற்றியிருக்கும் பாலிதீனைக் கிழிக்க, கயிறு அறுக்க என்று ஆளுக்கொரு கத்தி கொடுத்திருந்தார்கள். பழசைக் கொடுத்தால்தான் புதுசு. மற்றவர்களிடம் ஒரு வருஷம் ஓடுகிற கத்தி, இவனிடம் மட்டும் ஒரு மாதம் தாண்டுவதில்லை.

மருதாசலத்துக்குக் காலையிலிருந்தே தலைவலி. ஷிப்மென்ட் நேரம். நூல், பட்டன், ஊசி என்று ஆள் மாற்றி ஆள் வந்து நிற்கிறார்கள். கரன்ட் வேறு போய், ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. நெருப்பெரிச்சல் ஊரில் இந்த கார்மென்ட்ஸ் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்கு இதே நாற்காலிதான்.

கத்தியை விரித்து, அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். ஆடியது. அது பெரிய விஷயமில்லை. மூட்டிலிருக்கும் திருகை இறுக்கினால் நின்றுவிடும். மேலும் கீழும் அசைத்தார். அப்போதும் ஆடியது. அது வேறு சமாச்சாரம். லாக் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எந்தத் திருகை இறுக்கினாலும் பிரயோஜனமில்லை. அழுத்தி வெட்டும்போது நழுவி, பிடித்திருக்கிற விரல்மேலேயே மடங்கும்.

“கத்திய வெச்சு என்ன தம்பி பண்றீங்க? ஆணி கீணி நெம்பறீங்களா?”

“இல்லண்ணே. குடோன் வேலதான்.”

“அதே வேலையத்தான அங்க பத்துப் பேரு பண்றாங்க?”

பாண்டித்துரை ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு, புதுக் கத்தியோடு இறங்கிப் போனான்.

அந்த வழியாக வந்த மேனேஜர் பிரபாகர் வாசலில் நின்றார். “ஏனுங்ண்ணா, இன்னைக்கும் வாங்கீட்டுப் போறானா? வெளிய கொண்டுபோய் விக்கறானோ என்னமோ. மெமோ எழுதி வெய்யுங்க. சாயங்காலம் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லீரலாம்.”

“சரீங்க.”

நல்ல பையன்தான் என்று சொல்ல நினைத்தார். ஆனால் சொன்னால் அதற்கு நாலு கேள்வி வரும், நாலு பதில் சொல்ல வேண்டும். அதற்குத் தெம்பில்லை. மெமோவை எழுதி முடித்தார்.

பழைய கத்தியைப் பெட்டியில் போட எடுத்தபோது கையில் ஏதோ பிசுபிசுத்தது. கத்தியின் மூட்டைத் துடைத்துப் பார்த்தார். டேப் பசை. அதில் அட்டைப்பெட்டித் தூள் அப்பிக்கிடந்தது.

துணி குடோனில் அட்டைப்பெட்டி ஏது? அங்கே பஞ்சுதான் பறக்கும். அட்டையும் டேப்பும் பேக்கிங் செக்‌ஷனில்.

அங்கேயும் ஆளுக்கொரு கத்தி உண்டு. அப்படியானால் புதுசைப் பேக்கிங் ஆட்களிடம் தள்ளிவிட்டு, அவர்களுடைய பழசைத் தன்னுடையது என்று இங்கே கொண்டுவருகிறான். சும்மாவா கொடுப்பான்?

மருதாசலத்துக்குக் கோபம்கூட மெதுவாகத்தான் வந்தது. மெமோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டு மாடி ஏறினார்.

பேக்கிங் செக்‌ஷனில் ராக்கம்மாள் அட்டைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில், அரைமணி நேரத்துக்கு முன்னால் அவர் கொடுத்த அதே கத்தி. புதுக் கத்தியில் பூசி வரும் எண்ணெய்கூட இன்னும் துடைக்கப்படவில்லை.

“இத யாரு குடுத்தாங்க?”

ராக்கம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்தில் டேப் ஒட்டிக்கொண்டிருந்த ஒச்சம்மாள்தான் பதில் சொன்னாள். “பாண்டித் தம்பிதான் சார். அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க.”

“உங்ககிட்ட என்ன வாங்கிக்கிட்டான்?”

“எங்க பழைய கத்தியத்தான். இங்க எங்க நாலு பேரு கத்தியும் ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு. மொத்தமாக் கேட்டா ஸ்டோர்ல என்னமாச்சும் கேப்பாங்கன்னு, மாசத்துக்கு ஒண்ணாத் தன் பேருல மாத்திக் குடுத்துச்சு. ராக்கம்மாளோடதான் கடைசி. இனிமே வராது சார்.”

“கத்தி ஆடுனா நேரா ஸ்டோருக்கு வர வேண்டீதுதானுங்கம்மா? எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?”

ஒச்சம்மாள் வலது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் குறுக்கே ஒரே கோடாகத் தழும்பு. இரண்டு விரலும் முழுசாக நிமிரவில்லை.

“வந்தேன் சார், சித்திரை மாசத்துல. எழுதிக்கிட்டே இருந்தீங்க. கத்தி ஆடுதுன்னு சொன்னதும், திருக இறுக்கிக்கம்மான்னீங்க. கையில வாங்கிப் பாக்கல. நானும் இறுக்கிட்டுத்தான் வேல பாத்தேன். மூணாம் நாளு மடங்கிருச்சு.”

அவள் வந்து கேட்டது மருதாசலத்துக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள். பக்கத்திலிருந்த அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

“அருவாமனை வெட்டிருச்சுன்னு லீவு லெட்டர்ல எழுதியிருந்தீங்கன்னுதான ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க?”

“ஆமா சார். அப்பிடித்தான் எழுதச் சொன்னாங்க.”

“யாரு?”

ஒச்சம்மாள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பாண்டித் தம்பிதான் சார். ‘உண்மையச் சொன்னா, கத்தியப் பாக்காம திருப்பி அனுப்புனது யாருன்னு கேட்டு அந்த மனுசன வேலைய விட்டு நிறுத்திருவாங்க. வயசானவரு, அசதியில ஏதோ சொல்லிட்டாரு. அவரு பேரு வெளிய வர வேணாம்க்கா, கத்திய நான் பாத்துக்கிறேன்’னுச்சு.”